தலைநகரில் தலைசாய்க்க ஓர் இடம்

பட்டணத்துக்குப் புறப்படும் நாளைக் குறிப்பதில் நம் குடும்பங்கள் காட்டும் அக்கறை, அங்கே எங்குத் தங்குவது என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. இரயிலில் இடம் பதிவாகிவிடுகிறது. மருத்துவரிடம் நாளும் நேரமும் கேட்டாகிவிடுகிறது. கட்டுச்சோறும் தயாராகிவிடுகிறது. "தங்குவது எங்கே?" என்று கேட்டால் மட்டும், "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்னும் விடையே கிடைக்கிறது. அறிமுகமற்ற நகரில், பெட்டியும் கையுமாய், களைத்த உடலோடு தெருவில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக அமைவது அரிது. ஆகவே, நம் மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் எண்ணற்றோர் சென்றுவரும் சென்னை மாநகரை எடுத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

நல்ல பேட்டையா, கெட்ட பேட்டையா?

"எந்தப் பகுதி நல்லது?" என்றே எல்லாரும் முதலில் வினவுகின்றனர். அடையாறு நல்லது, மயிலாப்பூர் நல்லது, வடசென்னை ஆகாது என்று கேட்காமலே தீர்ப்பு வழங்குவோரும் உண்டு. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவருகின்றன. திரைப்படங்கள் தீட்டிய சித்திரத்தைக் கொண்டு அவர்களை அளப்பது நீதியன்று. மேலும், அந்தத் தீர்ப்பினால் நமக்கும் பயனில்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் தந்தையைச் சேர்த்துவிட்டு, பாதுகாப்பின் பெயரால் அடையாற்றில் அறை எடுக்கும் மகன், இரவுதோறும் நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அலைய நேரிடும். அறை இருக்கும் தெரு நல்ல தெருவாக இருந்தாலும், நள்ளிரவில் செய்யும் அந்தப் பயணம் பாதுகாப்பானது ஆகுமா?

எனவே, பகுதியின் பெயரைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த வேலையாகப் போகிறோம்? எந்த வேளையில் போய்ச் சேருவோம்? யார் யார் உடன் வருகின்றனர்? வேலை, வேளை, ஆள் ஆகிய இம்மூன்றுமே தங்கும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

வந்து இறங்கும் வேளை

தென் மாவட்டங்களிலிருந்து அரசுப் பேருந்தில் வருவோர் முன்பு கோயம்பேட்டில் இறங்கினர். 2023 டிசம்பர் இறுதியில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், இப்பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரின் நடுப்பகுதி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பழைய நினைவில் கோயம்பேட்டின் அருகே அறை பதிவு செய்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கித் திகைப்பது வேண்டாத துன்பம்.

தெற்கிலிருந்து வரும் இரயில்களுள் பல எழும்பூரில் முடிகின்றன. சில தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. கோவை, பெங்களூர் மார்க்கத்து இரயில்களுக்குப் பெரும்பாலும் சென்ட்ரலே முடிவிடம். உங்கள் பயணச்சீட்டில் எந்த நிலையத்தின் பெயர் உள்ளது என்பதை நன்கு பார்த்துக்கொள்ளுங்கள். மின்சார இரயிலும் மெட்ரோ இரயிலும் நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் ஓடுவதில்லை. அந்த வேளையில் வந்து சேர்ந்தால், விடியும்வரை நிலையத்தின் காத்திருப்பு அறையிலேயே இருப்பது நலம். அங்கே வெளிச்சம் உண்டு, மனிதர் உண்டு, இரயில்வே காவலரும் உண்டு. பயணச்சீட்டு உள்ளவர்களுக்கெனப் பெரிய நிலையங்களில் ஓய்வறைகளும் உள்ளன; முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வேலைக்கு ஏற்ற இடம்

சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரில் உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்குச் செல்வோருக்கும், எழும்பூரின் குழந்தைகள் மருத்துவமனைக்கோ 1819-ல் தொடங்கப்பெற்ற கண் மருத்துவமனைக்கோ செல்வோருக்கும் எழும்பூர் ஏற்றது. நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையிலும் கென்னத் சந்திலும் பல தரத்து விடுதிகள் உள்ளன. வண்டிகள் வந்துபோகும் இடமாதலால் இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். எழும்பூரும் சென்ட்ரலும் மெட்ரோ இரயிலில் அடுத்தடுத்த நிலையங்கள். இவ்விரண்டுக்கும் அருகே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லமும் இருக்கிறது.

அடையாற்றில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு வருவோர் வாரக்கணக்கில் தங்க நேரிடும். அவர்களுக்கு விடுதி அறையைவிட, சமையலுக்கு வசதியுள்ள சிறு வாடகை அறையே உகந்தது. எங்கே கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டறியலாம். கதிர்வீச்சு பெற்றுத் திரும்பும் நோயாளிக்கு, நடக்கும் தூரத்தில் அறை அமைவது பேருதவி.

திருவல்லிக்கேணியின் 'மேன்ஷன்'கள் வேலை தேடிவரும் இளைஞர்களுக்குப் பல்லாண்டுகளாகப் புகலிடமாய் விளங்குபவை. தேர்வு எழுதவரும் மகனுக்கு அவை ஏற்கலாம். குடும்பத்தோடு தங்குவதற்கு அவை அமைந்தவை அல்ல. பாரிமுனையின் வணிகத் தெருக்கள் பகலில் தேரோடும் வீதிபோல் நெரியும். கடை அடைத்தபின் பல சந்துகள் வெறிச்சோடிவிடும். அங்கே தங்குவோர் இருட்டுமுன் அறைக்குத் திரும்பிவிடுதல் நன்று.

தனியே வரும் மகளிருக்குத் தாம்பரம் முதலிய இடங்களில் அரசின் தோழி விடுதிகள் உள்ளன. பணிபுரியும் மகளிருக்கென அமைந்தவையாதலால், சில நாள் தங்க இடம் உண்டா என முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். அருட்சகோதரிகள் நடத்தும் விடுதிகளில் இடம் கிடைக்குமா என்று பங்குத்தந்தை வழியாக விசாரிப்பதும் நம் குடும்பங்களுக்கு எளிய வழியே.

தெருவைப் படிக்கும் முறை

பெரிய சாலை எவ்வளவு சிறந்ததாயினும், பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதி வாசல் வரை உள்ள கடைசி இருநூறு அடிதான் முக்கியம். அங்கே விளக்கு எரிகிறதா? மருந்துக்கடையோ தேநீர்க் கடையோ இரவு ஒன்பதுக்கு மேலும் திறந்திருக்கிறதா? பெண்களும் முதியோரும் அந்த வழியே நடந்து போகின்றனரா? மதுக்கடை அருகில் உள்ளதா? மதுக்கடை மூடும் இரவு பத்து மணி அளவில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பகுதியில் வாழும் பெண் ஒருவரைத் தெரிந்திருந்தால் அவரிடம் கேளுங்கள். "இரவில் நீங்கள் தனியே நடப்பீர்களா?" என்ற கேள்விக்கு அவர் தரும் விடை, விளம்பரங்கள் அனைத்தையும்விட நம்பத்தக்கது.

வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகள் நீரில் மிதந்தன. அம்மாதங்களில் அங்கே தரைத்தள அறையைத் தவிர்ப்பது அறிவுடைமை.

விடுதி வாசலில்

நிலையத்தில் இறங்கியவுடன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "மலிவான அறை உண்டு, வாருங்கள்" என்பவரைப் பின்தொடர வேண்டா. அவருக்குக் கிடைக்கும் தரகு நம் வாடகையிலிருந்தே போகிறது. இணையத்தில் படம் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன், விடுதிக்கு நேரே தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடையாள அட்டையைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் விடுதியைக் கண்டு சலிப்படையலாகாது. கேட்காமலே சாவி கொடுக்கும் இடம்தான் ஐயத்துக்கு உரியது. உங்களைக் கேட்காதவர்கள் பக்கத்து அறைக்காரரையும் கேட்டிருக்க மாட்டார்கள் அன்றோ? பணம் செலுத்துமுன் அறையைப் பாருங்கள். உட்புறத் தாழ்ப்பாள் உறுதியாக உள்ளதா, சன்னல் மூடுகிறதா, தீப்பற்றினால் இறங்குவதற்கு வேறு படிக்கட்டு உண்டா, அதன் கதவு பூட்டிக் கிடக்கிறதா என்பவற்றை நேரில் காண வேண்டும். முதியோர் இருப்பின் கீழ்த்தளத்துக்கு அடுத்த மாடியே போதும்.

உறவினர் வீடு

உறவினர் வீட்டில் தங்குவதே நம் மரபு; அது செலவையும் குறைக்கும், அன்பையும் வளர்க்கும். ஆயினும், ஒற்றை அறை வீட்டில் நால்வர் வாழும் குடும்பத்துக்கு நாம் ஐவர் போய் இறங்குவது அவர்களுக்குச் சுமையாகும். முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சற்றுத் தயங்கினாலும் மனம் நோகாமல் வேறு இடம் தேடிக்கொள்வதே உறவைக் காக்கும்.

பெற்றோர் சிந்திக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. உறவு என்ற ஒரே காரணத்தால் ஒரு வீட்டைப் பாதுகாப்பானது என முடிவு கட்டிவிடலாகாது. "அந்த வீட்டில் நான் தங்கமாட்டேன்" என்று மகளோ மகனோ சொன்னால், திமிர் என்று கடிந்துகொள்ளாதீர்கள். தனியே அமரவைத்து, பொறுமையாய்க் காரணத்தைக் கேளுங்கள். காரணத்தைச் சொல்ல அப்பிள்ளைக்கு நாவெழாவிட்டாலும், வேறு இடம் பாருங்கள். சில நூறு ரூபாய் கூடுதலாகச் செலவாகலாம். பிள்ளையின் அச்சத்தை விலை கொடுத்து நீக்க முடிந்தால் அது மலிவே.

புறப்படுமுன்

ஒரு தாளில் விடுதியின் முகவரி, அருகிலுள்ள காவல் நிலையத்தின் பெயர், ஊரிலுள்ள ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, ஒவ்வொருவர் பையிலும் ஒரு படி வையுங்கள். கைப்பேசி அணைந்துபோனாலும் தாள் பேசும். அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108, மகளிருக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இரயில் பயணத்தில் 139 ஆகிய எண்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிதவறிய பாட்டியோ, கூட்டத்தில் கைநழுவிய சிறுவனோ அந்தத் தாளை எவரிடமும் நீட்டினால் போதும். இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கட்டுச்சோற்றைக் கட்டும்போதே இதையும் எழுதிவிடலாம்.