பழைய சவரக்கத்தி: சோதித்துப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்

உங்கள் அப்பாவோ தாத்தாவோ பயன்படுத்திய மடக்குச் சவரக்கத்தி வீட்டில் இருக்கிறதா? அதைத் தூக்கி எறிய மனம் வராது. சுத்தம் செய்து மீண்டும் சவரம் செய்யலாமே என்றும் தோன்றும். சில கத்திகளை மீட்டெடுக்க முடியும். சிலவற்றை நினைவுப்பொருளாக மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். எந்தக் கத்தி எந்த வகை என்று கண்டறிய இந்தக் கையேடு உதவும்.

கத்தியில் குழி விழுவது ஏன்?

பழைய சவரக்கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் எஃகால் ஆனவை. அவை நன்றாகக் கூர்மை ஏறும். ஆனால் எளிதில் துருப்பிடிக்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஈரம் துடைக்காமல் மடித்து வைத்த கத்தியில் முதலில் பழுப்பு நிறத் துரு படியும். நாளடைவில் துரு எஃகை அரித்து உள்ளே இறங்கும். அதுவே கறுப்புப் புள்ளிபோலத் தெரியும் குழி.

எப்படிச் சோதிப்பது?

நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியுடன் மேசையில் அமர்ந்து பாருங்கள். கூர்மையை விரலால் தடவிப் பார்க்காதீர்கள்.

• குழி எங்கே இருக்கிறது? கத்தியின் முதுகுப் பக்கத்தில் இருந்தால் தோற்றம் மட்டுமே கெட்டிருக்கும். கூர்விளிம்பில் இருந்தால் அது ரம்பப் பல்போலத் தோலைக் கிழிக்கும்.
• கூர்விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்ல விளிம்பு மின்னாது. மின்னும் இடம் மழுங்கியோ உடைந்தோ இருக்கும்.
• இடுக்கியில் சிறிது பஞ்சைப் பிடித்து, முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக இழுங்கள். இழைகள் சிக்கினால் அங்கே பிசிறு உள்ளது.
• விளிம்பிலிருந்து மேல்நோக்கி மயிரிழைபோல விரிசல் ஓடுகிறதா? அந்தக் கத்தியை இனிப் பயன்படுத்த வேண்டாம். சவரம் செய்யும்போதே துண்டு உடைந்து விழலாம்.
• கைப்பிடி ஆடுகிறதா? கத்தி கையில் நிலையாக நிற்காது.

குழியைத் தேய்த்து அகற்றலாமா?

குழியை நிரப்ப முடியாது. சுற்றியுள்ள எஃகைக் குழியின் ஆழத்துக்குத் தேய்த்தால்தான் அது மறையும். சவரக்கத்தி விளிம்பருகே மிகவும் மெல்லியது. அங்கே ஆழமான குழி இருந்தால் தேய்ப்பதற்கு எஃகு மிஞ்சாது. விளிம்புக்குச் சற்று மேலே உள்ள குழியையும் கவனியுங்கள். பலமுறை சாணை பிடித்தபின் அதுவே விளிம்பில் வந்து நிற்கும்.

மேலோட்டமான துருவை மட்டும் வீட்டில் அகற்றலாம்:

1. தையல் இயந்திர எண்ணெயைப் பூசிச் சில மணி நேரம் ஊறவிடுங்கள்.
2. கத்தியைத் தட்டையான மரப்பலகையில் படுக்கவையுங்கள். வெட்டுத் தாங்கும் கையுறையும் மூக்குக்கண்ணாடியும் அணியுங்கள்.
3. தக்கையில் சுற்றிய 400 எண் உப்புத்தாளை ஈரமாக்கி மெதுவாகத் தேய்த்து, பிறகு 800, 1500 என்று நயமான தாளுக்கு மாறுங்கள். கூர்விளிம்பைத் தொடாமல் தேய்ப்பது முக்கியம்.

மின்சக்கரத்தில் தேய்க்க வேண்டாம். சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறியலாம். எஃகு சூடேறினால் அதன் உறுதியும் போய்விடும். குளோரின் கலந்த வெளுப்பானும் எஃகை அரிக்கும்.

விளிம்பைச் சாணை பிடிப்பது தனித் திறன். அதை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

பளபளப்பு என்றால் சுத்தம் என்று பொருளல்ல

துரு போனாலும் கிருமிகள் போய்விட்டதாகக் கருத முடியாது. ஹெபடைட்டிஸ் ‘பி’ கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிருடன் இருக்கும். ஒரே கத்தியைப் பலர் பயன்படுத்தினால், கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாகவும் அது பரவலாம். எனவே கத்தியையும் படிகாரக் கட்டியையும் குடும்பத்தினருடன்கூடப் பகிராதீர்கள்.

துருவே இரணஜன்னியை உண்டாக்குவதில்லை. மண்ணிலும் தூசியிலும் வாழும் கிருமியே அதற்குக் காரணம். கடந்த 10 ஆண்டுகளில் அதற்கான தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

யார் தவிர்க்க வேண்டும்?

• நீரிழிவு நோய் உள்ளவர்கள்: காயம் ஆறத் தாமதமாகலாம்.
• வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள்: ரத்தம் எளிதில் நிற்காது. சவரத்துக்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
• கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்கள்.

இவர்களுக்கு மின்சவரக் கருவி பாதுகாப்பானது.

வெட்டிக்கொண்டால்

சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். ரத்தம் நின்றதும் காயத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். 10 நிமிடத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். பீறிட்டு வந்தால் 995 என்ற எண்ணை அழையுங்கள். பின்னர் வீக்கம், சீழ், காய்ச்சல் ஏதேனும் ஏற்பட்டால் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

பயன்படுத்த முடியாத கத்தியை என்ன செய்வது?

துடைத்து, எண்ணெய் பூசி, பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். வீசுவதானால் தடித்த அட்டையில் சுற்றி, ஒட்டுநாடா ஒட்டி, ‘கூரான பொருள்’ என்று எழுதுங்கள். குப்பையை அகற்றும் ஊழியரின் கையும் பாதுகாப்பாக இருக்கட்டும்.

நினைவில் கொள்ளுங்கள்: முதுகில் குழி என்றால் யோசிக்கலாம். கூர்விளிம்பில் குழி என்றால் முகத்தில் வைக்க வேண்டாம். அப்பாவின் கத்தியை அலமாரியில் வைத்துப் போற்றினாலும் அது மரியாதைதான்.