உங்களுக்குத் தெரியுமா? அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர்

சேலம் நகரத்தின் குடிநீருக்காகப் பனமரத்துப்பட்டி ஏரி கட்டப்பட்டது 1911-இல். மழை பொய்த்தால் ஏரி வற்றும். அப்புறம் ஊரே கிணற்றடியில்தான். 1917-இல் நகராட்சித் தலைவரானவர், அங்கே வக்கீல் தொழில் பார்த்துவந்த ராஜாஜி. அக்கிரகாரத் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை அவர் நியமித்ததும் எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி அசையவில்லை. (தாகம் எடுத்ததும் எதிர்த்தவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருப்பார்கள், வேறென்ன!)

இருபது ஆண்டு கழித்து அவர் சென்னை மாகாணப் பிரதமர். சுகாதார அமைச்சர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அந்த ஆட்சியில், 1939-இல், சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் இப்படியொரு விரிவான சட்டம் அதுவே முதல். இங்கிலாந்து காலரா பயத்தில் 1848-லேயே தன் முதல் சட்டத்தை இயற்றிவிட்டிருந்தது. குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், சந்தை எல்லாம் நம் சட்டத்துக்குள் அடக்கம். 2020-இல் முகக்கவசம் போடாதவர்களிடம் அபராதம் வாங்கத் தமிழக அரசு திருத்தியதும் இதே சட்டத்தைத்தான்.