குடிக்காமலே உள்ளே போகும் விஷம்

"காலையில மருந்தடிக்கப் போகணும்." கிராமத்தில் இப்படித்தான் சொல்வார்கள். விஷம் தெளிக்கப் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. மகாராஷ்டிர விவசாயிகளும் அதை 'ஔஷத்' என்றுதான் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதும் பாதி பயம் போய்விடுகிறது.

அந்த மாநிலத்தின் யவத்மால் மாவட்டம் பருத்திக்குப் பெயர் போனது. 2017-ல், ஜூலை தொடங்கி சில மாதங்களுக்குள், அங்கே பூச்சிக்கொல்லி தெளிக்கப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் நஞ்சேறி இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலருக்குப் பார்வை பாதித்தது. அதே ஆண்டு நம் பெரம்பலூர் பருத்திக் காடுகளிலும் உயிர்கள் போயின. இவர்கள் யாரும் மருந்தைக் குடித்தவர்கள் அல்ல.

யவத்மாலில் அந்த வருடம் பருத்திச் செடி வழக்கத்தைவிட உயரமாக, ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டியதை முகத்துக்கு நேரே அடித்தார்கள். புழு சாகவில்லை என்று இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலந்தார்கள். பவர் ஸ்பிரேயரிலிருந்து வந்த பொடிச்சாரல் திரும்பி அடித்தவர் மேலேயே படிந்தது. புழுக்கத்தில் சட்டையும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

புரொபனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். நரம்பு அனுப்பும் கட்டளையை வேலை முடிந்ததும் நிறுத்தி வைக்க உடம்பில் ஒரு நொதி உண்டு. இந்த மருந்துகள் அதை முடக்கிவிடும். அப்புறம் நரம்பு, அமுக்கிய விரலை எடுக்காத காலிங்பெல் மாதிரிதான். வியர்வை கொட்டும், எச்சில் ஒழுகும், வாந்தி வரும், கண்பாவை சுருங்கும், தசை துடிக்கும். கடைசியில் மூச்சு முட்டும்.

ஆரம்பத்தில் வெறும் தலைவலி, கிறுகிறுப்புதான். 'வெயில் தாங்கல' என்று மோர் குடித்துவிட்டுப் படுத்து, மறுநாள் மறுபடியும் டேங்கைத் தூக்குகிறவர்கள்தான் அதிகம்.

கையுறை, முகக்கவசம், ரப்பர் கோட் போட வேண்டியதுதானே என்று கேட்பது சுலபம். உச்சி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு ஒரு ஏக்கர் நடந்து பார்த்தால் தெரியும். கூலிக்கு வருகிறவருக்கு அதை வாங்கிக் கொடுப்பவர்களும் குறைவு. வெயில் ஏறுவதற்குள் அடித்து முடிப்பது, காற்றுக்கு முதுகு காட்டி நடப்பது, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பீடியோ சோறோ தொடாமல் இருப்பது, ஒழுகும் டேங்கை முதுகில் ஏற்றாமல் இருப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. வேலை முடிந்ததும் குளித்துவிட வேண்டும். அந்தச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு ஊற வைக்கக் கூடாது. அதைத் துவைக்கும் மனைவியின் கையும் தோல்தானே.

பாட்டிலில் உள்ள வைர வடிவக் குறியையும் பார்க்க வேண்டும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் கொடிய விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. ஆனால் கலக்குகிறவர் ஒருவர், அடிக்கிறவர் இன்னொருவர். கூலியாள் பல நேரம் பாட்டிலைப் பார்ப்பதே இல்லை. மருத்துவமனையில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியோ, "என்ன மருந்து அடிச்சீங்க?" சில மருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி உண்டு, சிலவற்றுக்கு மாற்று மருந்தே கிடையாது. அதனால், கலக்கும்போதே லேபிளை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 108 வந்து நிற்கும்போது பாட்டிலைத் தேட நேரம் இருக்காது.