அடுப்பு வாயுவின் விலை

பெங்களூரின் விவேக் நகரிலும் ஆஸ்டின் டவுனிலும் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களில், "இம்முறை சிலிண்டர் என்ன விலை?" என்ற கேள்வி மாதம் ஒரு முறையேனும் எழுவதை நேயர்கள் அறிவார்கள். மார்கழிக் குளிரில், வெந்நீருக்கும் வாயுவையே எரிக்கும் வீடுகளில், அக்கேள்வி சற்று உரக்கவே ஒலிக்கும். அவ்விலை எங்கே நிர்ணயமாகிறது என்பதை நாம் சிறிது ஆராய்வோம்.

அடுப்பு வாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களை அழுத்தித் திரவமாக்கியதேயாகும். நம் நாட்டின் தேவையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி கடல் கடந்து வருகிறது. நெடுங்காலமாக அதில் பெரும்பங்கு பாரசீக வளைகுடாவிலிருந்தே வந்திருக்கிறது. ஆதலால் சவூதி அரேபியாவின் அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலை நம் கணக்குக்கு அடிப்படையாயிற்று. 2020 ஏப்ரலில் புரொப்பேன் டன் ஒன்றுக்கு 230 டாலர். 2022 ஏப்ரலில் 940 டாலர்! இதனுடன் கப்பற் கூலி, ரூபாயின் மாற்று மதிப்பு, சிலிண்டரில் நிரப்பும் செலவு, விநியோகஸ்தரின் கமிஷன், 5 சதவீத வரி ஆகியவை சேருகின்றன.

எனினும் இக்கணக்கு அப்படியே நம் வாசலுக்கு வந்துவிடுவதில்லை. உணவு விடுதிகள் வாங்கும் 19 கிலோ சிலிண்டரின் விலை பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் மாறும். வீட்டுச் சிலிண்டரின் விலையோ பல மாதங்கள் அசையாதிருந்து, திடீரென்று மாறும். பெங்களூரில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,105 ரூபாய் 50 காசாக இருந்தது. ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 855 ரூபாய் 50 காசாயிற்று. 2024ஆம் ஆண்டுக் குறைப்பு மகளிர் தினத்தன்று அறிவிக்கப்பட்டது. பொதுத் தேர்தலும் அப்போது அண்மித்திருந்தது. மானியமோ 2020இல் சந்தை விலை வீழ்ந்தபோது பெரும்பாலோருக்கு நின்றது. விலை மீண்டும் ஏறியபோது அது திரும்பி வரவில்லை. உஜ்வலா திட்டக் குடும்பங்களுக்கு மட்டும் 2022 மே முதல் தனி மானியம் கிடைத்தது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தர்மபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வேலை தேடி வந்து, வாடகை அறையில் தங்கும் இளைஞரிடம் முகவரிச் சான்று இராது. அவருக்கென்றே அடையாளச் சான்று ஒன்றை மட்டும் காட்டி வாங்கத்தக்க 5 கிலோ சிறு சிலிண்டர் உள்ளது. ஆனால் அது வீட்டு விலைக்குக் கிடைப்பதன்று. கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் குடும்பஸ்தரைவிட அவரே அதிகம் கொடுக்கிறார். குறைந்த ஊதியக்காரர் அதிக விலை கொடுப்பது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆயினும், தெருக் கடையில் கள்ளத்தனமாக நிரப்பித் தரும் சிலிண்டரை வாங்கி உயிரைப் பணயம் வைப்பதைவிட அதுவே மேல்.

மாற்றலாகி வரும் குடும்பங்கள் முன்பணத்தையும் கவனிக்க வேண்டும். தொலைவிலுள்ள ஊருக்குச் செல்லும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால், முன்னர்க் கட்டிய தொகைதான் திரும்பக் கிடைக்கும். புதிய ஊரில் அன்றைய தொகையைக் கட்ட வேண்டும். 14.2 கிலோ சிலிண்டருக்கான முன்பணம் 2022 ஜூன் 16இல் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாக உயர்ந்தது. பழைய தொகையைப் பெறுவதற்கும் இணைப்புச் சீட்டு கையில் இருத்தல் அவசியம். மாற்றலின் பரபரப்பில் நாம் அதனைத் தொலைத்துவிட்டு, முத்திரைத் தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தே முன்பணத்தை மீட்டோம். இப்போது அது குடும்ப அட்டையோடு ஒரே உறையில் இருக்கிறது.