நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும்

மணலியில் 1966ஆம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட மதராஸ் உரத் தொழிற்சாலை, "விஜய்" யூரியாவின் மூலம் நம் குடியானவர்களுக்கு நன்கு அறிமுகமானதே. நெடுங்காலம் நாப்தாவைக் கொண்டு யூரியா தயாரித்துவந்த அவ்வாலை, எண்ணூர்த் துறைமுகத்தில் திரவ இயற்கை வாயு இறக்கும் நிலையம் ஏற்பட்டதும், 2019இல் இயற்கை வாயுவுக்கு மாறிற்று. நாப்தாவைவிட இது குறைந்த கரியமில வாயுவையே வெளிவிடும். ஆலையார் தம் பங்கைச் செய்தனர். வயலில் நாம் செய்யத்தக்கது யாது?

பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து நெல் வயல்களிலிருந்தும் பூமியின் வெப்பத்தைக் கூட்டும் இரு வாயுக்கள் எழுகின்றன. முதலாவது மீதேன். இடைவிடாது நீர் தேங்கிய சேற்றில் காற்றோட்டம் இராது. அங்கு நுண்ணுயிர்கள் வைக்கோல், தாள் முதலியவற்றைச் சிதைத்து மீதேனை உண்டாக்க, அது பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியே வெளியேறும். நூறு வருஷக் கணக்கில் இது எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 27 மடங்கு வெப்பமூட்ட வல்லது. இரண்டாவது நைட்ரஸ் ஆக்ஸைடு. பயிர் உட்கொள்ளாத தழைச்சத்தில் ஒரு பகுதி இவ்விதம் வீணாகின்றது. இதன் வலிமை 273 மடங்கு.

பரிகாரம் நம்மவர் நெடுநாளாகச் சொல்லிவரும் காய்ச்சலும் பாய்ச்சலுமே. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதை அளவோடு வகுத்துள்ளனர். செய்முறையாவது:

1. ஓரடி நீளமுள்ள குழாயில் சுற்றிலும் துளையிட்டு, பாதி மண்ணுக்குள்ளும் பாதி மேலும் இருக்குமாறு வயலில் ஊன்றி, உள்ளிருக்கும் மண்ணை அகற்றுக.

2. நட்ட இரண்டு வாரத்திற்குப் பின், குழாயினுள் நீர் மண்மட்டத்திற்கு 6 அங்குலம் கீழே இறங்கியதும், 2 அங்குல உயரம் நீர் பாய்ச்சுக. களை மிகுந்தால் ஓரிரு வாரம் தாமதித்துத் தொடங்குக.

3. பூக்கும் பருவத்திற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் 2 அங்குல நீர் நிற்கவேண்டும். அப்பொழுது காயவிட்டால் பதர் மிகும்.

4. யூரியாவை நாள் பார்த்து இடாமல் இலை வண்ண அட்டை பார்த்து இடுக. நட்ட 14ஆம் நாள் முதல் வாரந்தோறும் ஒப்பிட்டு, பொன்னி போன்ற ரகங்களில் 3ஆம் நிறத்திற்கும், ஏனையவற்றில் 4ஆம் நிறத்திற்கும் கீழ் வெளுத்தால் மாத்திரமே மேலுரம் தேவை.

5. மக்காத வைக்கோலைச் சேற்றில் மிதித்துவிடாமல், எருவாக மக்கச்செய்து இடுக.

இம்முறையால் மகசூல் குறையாமல் நூற்றுக்கு 30 பங்கு வரை நீர் மிச்சமாகும். மீதேன் நூற்றுக்கு 30 முதல் 70 பங்கு வரை குறையும். ஆனால் நான்காவது விதியைக் கைவிடலாகாது. நனைந்தும் காய்ந்தும் வரும் மண்ணில் யூரியா மிஞ்சினால் நைட்ரஸ் ஆக்ஸைடு பெருகி, மீதேனில் பெற்ற லாபத்தின் ஒரு பகுதி கரைந்துபோகும்.

உப்புநீர்க் கிணறு உடையோர்க்கு ஓர் எச்சரிக்கை. மண் காயுங்கால் உப்பு வேரண்டையில் இறுகும். ஆதலின் அத்தகைய நிலங்களில் இம்முறையைக் கையாளற்க. மீஞ்சூரில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது 1969லேயே கண்டறியப்பட்டது. அது மேலும் பரவாதிருக்க, நன்னீர்க் கிணறு உடையோர் குறைவாக இறைத்தலே அவசியம்.

ஏரிப்பாசன கிராமங்களில் ஒருவர் மட்டும் காயவிட்டால் மேல்வயல் கசிவு அதைக் கெடுக்கும். கிராம உத்தியோகஸ்தர்கள் ஒரு மடையின் கீழுள்ள அனைவரையும் கூட்டி, முறைப்பாய்ச்சலை இதற்கு இசைய அமைப்பார்களாக. நம்பிக்கை பிறவாதவர்கள் இப்பட்டத்தில் கால் ஏக்கரில் மட்டும் செய்து, களத்தில் நெல்லை அளந்து பார்த்துத் தீர்மானிக்கலாம்.