அழுத்தப் புண் அறுவை மருத்துவம்

அழுத்தப் புண் அல்லது படுக்கைப் புண் என்பது, உடலின் ஒரே இடத்தில் அழுத்தம் நீண்டநேரம் நிலைத்துக் குருதியோட்டம் தடைப்படுவதால், தோலும் அடித்திசுக்களும் இறந்து உண்டாகும் புண் ஆகும். முதுகுத்தண்டுவடம் காயமடைந்தோர் வலியை உணராததாலும் தாமாகப் புரண்டுபடுக்க இயலாததாலும் இதற்கு எளிதில் ஆளாகின்றனர். 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், 2004 அக்டோபரில் தொற்றுற்ற அழுத்தப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்றுவந்தபோது இதயம் நின்று இறந்தார்.

அறுவை தேவைப்படும் நிலை

ஆழத்தைப் பொறுத்து இப்புண் நான்கு நிலைகளாக வகைப்படுத்தப்படுகின்றது. முதல் இரு நிலைகள் அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலும் ஆறிவிடும். மூன்றாம் நிலையில் தோல் முழுதும் அழிந்து கொழுப்புத் திசு தெரியும். நான்காம் நிலையில் தசையோ எலும்போ வெளிப்படும். இவ்விரு நிலைப் புண்கள் பிற முறைகளால் ஆறாதபோது அறுவை மருத்துவம் மேற்கொள்ளப்படுகின்றது. அதற்கு முன்னர் ஊட்டக்குறை, தசை விறைப்பு, மலசலக் கசிவு ஆகியவை சீர்செய்யப்படுகின்றன. புகைப்பழக்கம் உள்ளோர் அதனை நிறுத்த வேண்டும்.

செய்முறை

முதலில் இறந்த திசுவும், தொற்றுற்ற எலும்புப் பகுதியும் அகற்றப்படுகின்றன. தோலை மட்டும் ஒட்டினால் எலும்பின் மேல் போதிய தடிப்பு கிடைக்காது. எனவே அருகிலுள்ள தோலும் கொழுப்பும், சில வேளைகளில் தசையும், குருதிக்குழாய்த் தொடர்பு அறாமல் நகர்த்தப்பட்டுப் புண்குழியில் பொருத்தப்படுகின்றன. இது மடல் அறுவை எனப்படும். முதுகின் அடிப்பகுதிப் புண்ணுக்குப் பிட்டத் தசையும், அமரும் எலும்பின் மேலுள்ள புண்ணுக்குத் தொடையின் பின்புறத் தசையும் பயன்படுத்தப்படுவதுண்டு. தையல் கோடு அழுத்தம் படும் இடத்தில் அமையாதவாறு மடல் வடிவமைக்கப்படுகின்றது.

நோயாளிக்கு அவ்விடத்தில் உணர்வு இல்லாவிடினும் மயக்க மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. ஆறாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் காயமடைந்தோருக்கு, உணரப்படாத தூண்டலாலும் குருதியழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும்.

அறுவைக்குப் பின்

நோயாளி பல வாரங்கள் மடலின் மீது எடை படாமல் படுத்திருக்க வேண்டும். பின்னர் சில நிமிடங்களில் தொடங்கி, தோலின் நிறத்தைக் கவனித்து, அமரும் நேரம் படிப்படியாகக் கூட்டப்படுகின்றது. அறுவை புண்ணை மூடுமேயன்றி இழந்த உணர்வைத் திருப்பித் தராது. இதனால் புண் மீண்டும் தோன்றுவது மிகுதி.

தடுப்பு

1944இல் இங்கிலாந்தின் சிடோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், நோயாளிகளை இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும், திருப்பிப் படுக்கவைக்கும் முறையைக் கடைப்பிடித்தார். அதுவரை இத்தகைய நோயாளிகளுள் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துவந்தனர். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்போர் அடிக்கடி முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து எடையை மாற்றுவதும், நாள்தோறும் கண்ணாடி கொண்டு தோலைப் பார்ப்பதும், தகுந்த இருக்கை மெத்தையைப் பயன்படுத்துவதும் அறுவைக்குப் பின்னரும் வாழ்நாள் முழுதும் தொடரவேண்டியவை ஆகும்.