உங்களுக்குத் தெரியுமா? – திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே தனியாக ஒரு சைக்கிள் பயணம்

ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையிலுள்ள ப்ரெம் என்ற சிற்றூரில் கால்மோன்ட் என்றொரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான தோட்டங்களுள் ஒன்று. சில இடங்களில் சரிவு 65 டிகிரியைத் தொடும். ஆனால் அதன் அடிவாரத்தில், ஆற்றை ஒட்டிப் போகும் சைக்கிள் பாதையில் ஏற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம். பெர்ல் முதல் கோப்ளென்ஸ் வரை சுமார் 250 கி.மீ. இப்படித்தான். தனியாகப் போகிறவர் ஒயினின் பெயரைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதலில் ஆறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ரயில். முழங்கால் வலித்தாலோ மழை பிடித்துக்கொண்டாலோ, கூட வர ஆளில்லாதவருக்கு ரயில்தான் துணை. கோப்ளென்ஸிலிருந்து புல்லாய் வரை ரயில் பெரும்பாலும் மோசெல் ஆற்றோடு வருகிறது. பிறகு ஆற்றைவிட்டு விலகிவிடும். அந்தப் பகுதிக்கு, கோடையில் சைக்கிள்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் உண்டு.

மூன்றாவது, தங்குமிடம். பல விடுதிகள் ஒரே ஓர் இரவு தங்குபவருக்கு அறை தரத் தயங்கும். ஜெர்மனியின் சைக்கிள் சங்கம் ‘பெட் அண்ட் பைக்’ என்ற முத்திரை வழங்கும் விடுதிகளோ ஓர் இரவுக்கும் இடம் தர வேண்டும். சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும், நனைந்த துணியைக் காயப்போட வசதியும் இருக்க வேண்டும். தனிப் பயணிக்கு இதைவிட என்ன வேண்டும்!

சைக்கிள்தானே, எவ்வளவு குடித்தாலும் யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். பிரான்ஸில் கார் ஓட்டுநருக்குள்ள அதே வரம்புதான் சைக்கிளுக்கும்: ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால். ஆஸ்திரியாவில் 0.8. ஜெர்மனியில் 1.6 வரை விடுவார்கள் என்றாலும், தள்ளாடி ஓட்டினால் 0.3-லேயே வழக்கு வரலாம். ஒயினைச் சுவைத்துப் பார்த்துத் துப்பிவிடுவது ஒயின் தோட்டங்களில் அவமரியாதை அல்ல. அதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள். பகலில் துப்புங்கள், மாலையில் அறைக்குப் பக்கத்தில் அமர்ந்து குடியுங்கள்.

ஆஸ்திரியாவில் 1784-இல் பேரரசர் இரண்டாம் யோசப் பிறப்பித்த ஆணையால், விவசாயிகள் தம் ஒயினைத் தம் வீட்டிலேயே விற்கும் உரிமை பெற்றார்கள். அப்படி வளர்ந்த ‘ஹொய்ரிகர்’ கடைகளில் நீண்ட பெஞ்சுகள் போட்டிருப்பார்கள். தனியாக வருபவரும் பக்கத்து ஆளோடு பேச்சுக் கொடுத்துவிடலாம். இந்தக் கடைகள் நிறைந்த வாஹாவ் பள்ளத்தாக்கில், மெல்க் முதல் கிரெம்ஸ் வரை டான்யூப் கரையோரம் 40 கி.மீ.க்கும் குறைவுதான். ஸ்பிட்ஸ் ஊரில் ஆற்றைக் கடக்கும் படகுக்கு எஞ்சின் கிடையாது. கம்பிவடத்தில் கட்டியிருக்கும் அதை நீரோட்டமே அக்கரை சேர்க்கிறது.

நனைய விரும்பாதவர் பிரான்ஸின் கோல்மார் நகருக்குப் போகலாம். அங்கே மழை குறைவு. மேற்கிலிருந்து வரும் மேகங்களை வோஜ் மலைகள் தடுத்துவிடுகின்றன.

தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில், 1983-இன் ‘சாம்பல் புதன்’ காட்டுத்தீயில் சேதமடைந்து மூடப்பட்ட ரயில் பாதைதான் இன்று ‘ரீஸ்லிங் டிரெயில்’ என்னும் சைக்கிள் பாதை. நீளம் சுமார் 35 கி.மீ. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அங்கே உங்கள் காலுக்கும் சிரமம் இல்லை.

போர்ச்சுகலின் டோரோ 1756-லேயே எல்லை வகுக்கப்பட்ட பழம்பெரும் ஒயின் நிலம். கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் கடும் ஏற்றமும் கோடை வெயிலும் சேர்ந்து ஆளை வாட்டிவிடும். முதல் தனிப் பயணத்துக்கு அது வேண்டாம்.

முதல் முறை போகிறவருக்கு என் தேர்வு மோசெல்தான். செப்டம்பர், அக்டோபரில் அறுவடையைக் கண்ணால் பார்க்கலாம். அப்போது அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே அறையையும் பதிவு செய்துவிடுங்கள்.